மாம்பழப் பெட்டி வேண்டாம், நாலு வரி காணும்

வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 26 வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி முடித்து இரண்டு வருடமாகிறது. இடையில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு மாதம் கணக்கெழுதிப் பழகியிருக்கிறார். கொழும்பில் தலைமையகம் உள்ள நிதி நிறுவனமொன்றின் யாழ்ப்பாணக் கிளையில் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பித்து, போன வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: கிளை முகாமையாளர், பிராந்திய முகாமையாளர், கொழும்பிலிருந்து வந்த மனிதவளப் பிரிவு அம்மணி. பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாக முப்பத்தைந்து நிமிடம் கதைத்திருக்கிறார்கள். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தபோது வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைப் பற்றி, அதாவது நிறுவனத்தின் காசேட்டு மீதியையும் வங்கி காட்டும் மீதியையும் ஒப்பிட்டுப் பொருத்தும் கணக்கைப் பற்றி, ஒரு கேள்வி வந்தது. எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதை மாறிச் சொல்லிவிட்டார். வெளியில் வந்து நெல்லியடி பஸ்சில் ஏறி இருந்த பிறகுதான் பிழை பிடிபட்டதாம். "மூன்று கிழமைக்குள் முடிவு சொல்வோம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு கதை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், "அங்கே 24 மணித்தியாலத்துக்குள் நன்றிக் கடிதம் அனுப்பாத ஆளை எடுக்கவே மாட்டார்கள், உடனே எழுது" என்கிறார். தம்பி, "அது வால்பிடிக்கிற வேலை" என்கிறான். கிளை முகாமையாளர் தூரத்து உறவுக்காரர் ஒருவருக்குத் தெரிந்தவர் என்று கண்டுபிடித்த அம்மா, வீட்டு மரத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினால் காணும் என்கிறார். வாசகியோ இணையத்தில் ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்து, தன் வசனங்களையும் சேர்த்து, ஒரு பக்க வரைவை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். எந்த மொழியில் அனுப்புவது, முகாமையாளர் அழைத்த இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் போடலாமா, அடுத்த மாதம் வரும் அரச வேலை நேர்முகப் பரீட்சைக்கும் இதே மாதிரி ஒன்று எழுதலாமா என்பவை மற்றக் கேள்விகள். கடைசி வரி இது: "ஒரு கேள்வியில் பிழைவிட்டதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறேன். கடிதம் அதைச் சரிசெய்யுமா?"

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அந்தப் பயத்தில் இருந்துதான் வந்திருக்கிறது. நேர்முகப் பரீட்சை மேசையின் அந்தப் பக்கத்தில் பல வருடம் இருந்தவன் நான். ஒரு கேள்விக்குப் பிழையாகப் பதில் சொன்னதற்காக மட்டும் ஒருவரைத் தள்ளியதாக எனக்கு ஞாபகமில்லை. பிழைவிட்ட ஆள் அடுத்த பத்து நிமிடம் எப்படி இருந்தார் என்று பார்த்திருக்கிறேன். சிலர் அந்தப் பிழையிலேயே நின்றுவிடுவார்கள், பிறகு வரும் இலகுவான கேள்விகளும் காதில் விழாது. நீங்கள் அப்படி நிற்கவில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அதற்குப் பிறகு கூட்டுறவுச் சங்க அனுபவத்தைப் பற்றி வடிவாக விளக்கியிருக்கிறீர்கள், பிராந்திய முகாமையாளர் சிரித்திருக்கிறார். எல்லாம் போய்விடவில்லை.

ஆனால் கடிதம் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்றும் சொல்லமாட்டேன். பல இடங்களில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்த அடுத்த ஐந்து நிமிடத்திலேயே புள்ளித்தாள் நிரப்பப்பட்டுவிடும். நூற்றுக்கு நாற்பது எடுத்த ஆளைக் கடிதம் எழுபதுக்குத் தூக்காது. இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே நிலையில் நிற்கும்போதுதான் அது கொஞ்சம் அசைக்கும். உங்கள் விடயத்தில் அதற்கு இடமிருக்கிறது: கிளையில் முடிவெடுத்தாலும் கோப்பு கொழும்புக்குப் போய்த்தான் திரும்பும், மூன்று கிழமை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கனடாவில் சரி, கன்னாதிட்டியில்?

மச்சாள் பொய் சொல்லவில்லை. வட அமெரிக்காவில் நேர்முகப் பரீட்சை முடிந்த ஒரு நாளுக்குள் நன்றி மின்னஞ்சல் போடுவது பரவலான வழக்கம். வேலை தேடுவோருக்கான வழிகாட்டிகளில் அதைக் கட்டாயம் போலவே எழுதியிருப்பார்கள். அங்கேயும் அது இல்லாததற்காக எல்லோரும் ஆளைத் தள்ளுவதில்லை, அதை மச்சாள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

எங்களிடம் அப்படியொரு வழக்கம் இல்லை. நெருங்கிய ஆக்களுக்கு வாயால் நன்றி சொன்னாலே "என்ன புதுசா நன்றியெல்லாம்" என்று கோபிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் எழுத்தில் நன்றி சொல்கிற இடம் ஒன்று உண்டு என்றால், அது இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமும் பத்திரிகையின் நன்றி நவிலலும்தான். ஆகையால் இங்கே உங்கள் கடிதத்தை யாரும் எதிர்பார்த்துக் கொண்டிருக்கவில்லை. எழுதாவிட்டால் குறையில்லை. எழுதினால் கண்ணில் படும், ஏனென்றால் அநேகமாக வேறு ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். கண்ணில் படுவது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நல்ல கடிதம் நல்லதாகப் படும், மோசமான கடிதம் அதைவிட வேகமாகப் படும்.

24 மணித்தியாலக் கணக்கை விடுங்கள். நீங்கள் எனக்கு எழுதியது ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பதில் உங்கள் கண்ணில் படும்போது எட்டு ஒன்பது நாள் ஆகியிருக்கும். பரவாயில்லை. மூன்று கிழமை தவணை முடியவில்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பந்தி எழுதாதீர்கள். வேலைநாள் ஒன்றில் காலையில் அனுப்புங்கள், அவ்வளவுதான்.

வால்பிடிப்பதா?

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. வால்பிடித்தல் எது, மரியாதை எது என்று பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இலகுவானது. அந்தக் கடிதத்தை மூன்று பேரும் ஒன்றாக இருந்து சத்தமாக வாசித்தால் உங்களுக்குக் கூச்சமாக இருக்குமா? கூச்சமில்லை என்றால் அனுப்பலாம். கிளை முகாமையாளர் தனியே வாசித்தால்தான் சரி, மற்ற இருவரும் பார்க்கக்கூடாது என்று தோன்றினால் அதில் ஏதோ பிழை இருக்கிறது.

இந்த அளவுகோலை உங்கள் வரைவுக்கு வைத்துப் பார்ப்போம். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப் போகிறேன், கோபிக்கக்கூடாது.

நீங்கள் அனுப்பிய வரைவு

முதல் பந்தி: "மதிப்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய ஐயா அவர்களின் பொன்னான நேரத்தை அடியேனுக்காக ஒதுக்கியமைக்கு..." இது பாராட்டு விழா மேடை. அந்த அம்மணியும் கொழும்பிலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் பஸ்சிலோ ரயிலிலோ குலுங்கி வந்தவராக இருக்கலாம், "ஐயா" என்று ஒருவரை மட்டும் கும்பிட்டால் அவர் எங்கே போவார்? "அடியேன்" கோயிலோடு நிற்கட்டும்.

இரண்டாம் பந்தி இணையத்திலிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது. "உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கும் என் தொழில்சார் இலக்குகளும் ஒத்திசைவதை உணர்ந்தேன்" என்று யாரும் தமிழில் கதைப்பதில்லை. ஒரு முறை ஒரே பதவிக்கு வந்த இருவரிடமிருந்து அடுத்தடுத்த நாளில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. இரண்டிலும் மூன்றாம் பந்தி எழுத்துக்கு எழுத்து ஒன்று. இன்னொருவர் மாதிரியில் இருந்த "நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவும்" என்பதை அப்படியே விட்டு அனுப்பியிருந்தார். செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டு எழுதினாலும் இதே கதைதான். எழுத்துப்பிழை பார்க்க அதைப் பாவியுங்கள், உங்களுக்காகக் கதைக்க விடாதீர்கள். அந்த அறையில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை தேடிக் கொழும்புக்குப் போன காலத்தில், யாரோ சொன்னார்கள் என்று நானும் ஒரு நன்றிக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். தலைவராக இருந்தவரின் பெயருக்குப் பதில் பக்கத்தில் இருந்தவரின் பெயரைப் போட்டிருந்தேன். இருவருக்கும் ஒத்துவராது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். வேலை கிடைக்கவில்லை. கடிதத்தால்தானா என்று தெரியாது, ஆனால் இன்றைக்கும் பெயர் எழுதும்போது இரண்டு முறை பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். அந்த அம்மணியின் பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் என்றால், அழைப்புக் கடிதத்திலோ மின்னஞ்சலின் அடியிலோ இருப்பதை அப்படியே எடுங்கள். திருமதியா செல்வியா தெரியவில்லை என்றால் முழுப்பெயரும் பதவியும் போதும்.

மூன்றாம் பந்திதான் எனக்கு மனவருத்தமாக இருந்தது. அப்பா இல்லாத குடும்பம், தம்பியின் படிப்பு உங்கள் தலையில், அம்மாவின் தையல் வருமானம் காணாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று எனக்குத் தெரியும். இந்த மண்ணில் அப்படியான வீடுகள் எத்தனை என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பந்தி வாசிப்பவரை ஒரு மூலைக்குள் தள்ளுகிறது. உங்களைத் தெரிவுசெய்தால் இரக்கத்தில் எடுத்ததாகிவிடும், விட்டால் இரக்கமில்லாதவர் ஆகிவிடுவார். இரண்டும் பிடிக்காத மனிதர் கடிதத்தை மூடிவைப்பார். அதைவிட, வேலை கிடைத்தால் நீங்கள் அங்கே "பாவம், அந்தப் பிள்ளை" என்ற பெயரோடு போய் இருக்க வேண்டிவரும். நீங்கள் கணக்குத் தெரிந்த பிள்ளையாகவே போங்கள்.

அதற்குக் கீழே "சம்பளம் எவ்வளவு தந்தாலும் சம்மதம்" என்ற வரி. இதை வெட்டுங்கள், உடனே வெட்டுங்கள். நேரில் கேட்காத விலையை நீங்களே எழுத்தில் குறைத்துக் கொடுக்கிறீர்கள். சட்டப்படியும் அதற்குப் பொருளில்லை. தேசிய ஆகக்குறைந்த வேதனம் 2025 இல் திருத்தப்பட்டபடி 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபா, நீங்கள் சம்மதித்தாலும் அதற்குக் கீழே தர முடியாது. தகுதிகாண் காலம் என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியைத் தள்ளிப்போடவும் முடியாது. முதல் நாளிலிருந்தே உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர்கள் 3 வீதம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, அதன்படி நியமனக் கடிதம் எழுத்தில் தரவேண்டும். இதெல்லாம் வேலை கிடைத்த பிறகு கதைக்க வேண்டியவை. நன்றிக் கடிதத்தில் சம்பளம் என்ற சொல்லே வரக்கூடாது, கூட்டிக் கேட்கவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

சரி, வெட்டிய பிறகு என்ன மிஞ்சியது? நல்ல காலம், கடைசியில் இருந்து இரண்டாவது வரி மிஞ்சுகிறது. தெருவோரச் சிறுவியாபாரிகள் தவணைக் காசைப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு கொண்டு வருவதால் அன்றைய பதிவு அடுத்த நாளுக்குத் தள்ளிப் போகிறது என்று பிராந்திய முகாமையாளர் சொன்னாராம். சங்கத்திலும் இதே தொல்லை இருந்தது, அங்கே ஒரு தனிக் குறிப்பேடு வைத்துச் சமாளித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, கடிதமே இதுதான். அந்த மேசையில் இருந்தவர் சொன்ன ஒரு விடயம், அதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரு பதில். எந்த மாதிரியிலும் இது கிடைக்காது.

பிழையைத் திருத்தலாமா?

திருத்தலாம், ஒரே ஒரு முறை, இரண்டு வசனத்தில். காசேட்டு மீதியிலிருந்து வங்கிக்கூற்று மீதிக்குப் போவதென்றால் தேறாத காசோலைகளை (வங்கியில் போட்டும் இன்னும் காசாகாதவை) கழிக்க வேண்டும், சமர்ப்பிக்கப்படாத காசோலைகளை (நாங்கள் கொடுத்தும் வாங்கியவர் இன்னும் வங்கியில் போடாதவை) கூட்ட வேண்டும். நீங்கள் அன்று தலைகீழாகச் சொன்னீர்கள். வங்கிக்கூற்றிலிருந்து தொடங்கியிருந்தால் நீங்கள் சொன்னதுதான் சரி, அதனால் குழம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் பதற்றம், தூக்கமின்மை, பஸ் லேற் என்று காரணம் எழுத வேண்டாம். கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு, தன் பிழையைத் தானே கண்டுபிடித்து மறைக்காமல் சொல்லும் ஆள் பெறுமதியான ஆள். காரணம் சொன்னால் அந்தப் பெறுமதி பாதியாகிவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகளில் தடுமாறியிருந்தால் இந்த வழியைச் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பிழையைத் திருத்தி எழுதினால், மறந்திருந்த மூன்றையும் நீங்களே ஞாபகப்படுத்துவதாக முடியும்.

எந்த மொழி, யாருக்கு, எதில்

நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக வந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். கோப்பு கொழும்புக்குப் போகும், அந்த அம்மணிக்குத் தமிழ் வாசிக்க வருமோ தெரியாது. அழைப்பு தமிழில் வந்திருந்தால் தமிழே போதும். இதில் மொழிப்பற்றை இழுக்க வேண்டாம். அரச அலுவலகத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு வைப்பது அரசியலமைப்பு தந்த உரிமை, அதை ஒரு இடத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தனியார் நிறுவனத்தில் வாசிப்பவருக்கு விளங்கும் மொழியைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஆங்கிலம் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு சிறிய வசனத்துக்கு அது தாராளமாகக் காணும். யாரோ ஒருவரின் கனத்த ஆங்கிலத்தை இரவல் வாங்கினால், முதல் நாள் வேலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

வட்ஸ்அப் வேண்டாம். அந்த இலக்கம் நேரத்தைச் சொல்வதற்காக அவர் உங்களை அழைத்தது, கடிதம் வாங்குவதற்காகத் தந்ததல்ல. மின்னஞ்சல் நிறுவனத்துக்குப் போகிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது. வட்ஸ்அப் ஒரு ஆளுக்குப் போகிறது. இளம் பிள்ளை ஒருவர் முடிவெடுக்கும் ஆளோடு தனிப்பட்ட இலக்கத்தில் உரையாடல் தொடங்குவது உங்களுக்கும் நல்லதல்ல, அவர் நேர்மையானவராக இருந்தால் அவருக்கும் சங்கடம். பேஸ்புக்கில் நட்பு அழைப்பு அனுப்புவதும் இதே வகைதான்.

தமிழில் எழுதினால் எப்படி வரும் என்று காட்டுவதற்கு ஒரு வரைவு. ஆங்கிலத்திலும் இதே நீளம்தான். பார்த்து எழுதாமல், பார்த்த பிறகு மூடிவைத்துவிட்டு எழுதுங்கள்.

*பொருள்: கணக்கு உதவியாளர் பதவி – (திகதி) அன்று நடந்த நேர்முகப் பரீட்சை*

*ஐயா / அம்மணி,*

*(திகதி) அன்று உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் என்னை நேர்கண்டதற்கு உங்கள் மூவருக்கும் நன்றி.*

*பின்னேரம் வரும் தவணைக் கொடுப்பனவுகளை அன்றைக்கே பதிவதில் உள்ள சிரமத்தைப் பற்றிச் சொன்னீர்கள். நான் பழகிய கூட்டுறவுச் சங்கத்திலும் இது இருந்தது. நாலு மணிக்குப் பிறகு வரும் காசுக்குத் தனிக் குறிப்பேடு வைத்து, காலையில் முதல் வேலையாக அதைக் காசேட்டில் ஏற்றினோம். அந்த அனுபவம் இங்கும் உதவும் என்று நினைக்கிறேன்.*

*வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுக் கேள்விக்கு நான் மாறிச் சொல்லிவிட்டேன். காசேட்டு மீதியிலிருந்து தொடங்கும்போது தேறாத காசோலைகளைக் கழித்து, சமர்ப்பிக்கப்படாதவற்றைக் கூட்ட வேண்டும்.*

*மேலதிக ஆவணங்கள் தேவைப்பட்டால் அறியத்தாருங்கள்.*

*இப்படிக்கு,*
*(பெயர், தொலைபேசி இலக்கம்)*

இதற்கு மேலே ஒரு வரி கூட்டினாலும் பார்த்துக் கூட்டுங்கள். பதில் வராவிட்டால் கோபம் என்று நினைக்காதீர்கள். இப்படியான கடிதத்துக்குப் பதில் போடாதவர்கள்தான் அதிகம், வாசித்திருப்பார்கள். மூன்று கிழமை முடிந்து இரண்டு மூன்று வேலைநாள் போன பிறகு, அலுவலக நேரத்தில் கிளையின் தொலைபேசிக்கு ஒருமுறை எடுத்து "முடிவு எப்போது தெரியும்" என்று கேட்கலாம். ஒருமுறை மட்டும்.

அம்மாவின் மாம்பழம்

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். வீட்டுக்கு வந்தவருக்கு வெறுங்கையோடு விடைகொடுத்துப் பழகாத ஆக்கள் நாங்கள். அம்மாவுக்கு அது இலஞ்சமாகத் தெரியாது, மரியாதையாகத்தான் தெரியும். ஆனால் முடிவு வருவதற்கு முன்னர் முடிவெடுக்கும் ஆளின் வீட்டுக்குப் போகும் பெட்டியை வேறு யாரும் மரியாதையாக எடுக்க மாட்டார்கள். முன்பு இலஞ்சச் சட்டம் பெரும்பாலும் அரச ஊழியரைச் சுற்றியே இருந்தது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களில் கொடுப்பதையும் வாங்குவதையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறது. ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பானுக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று அம்மா சொல்வார், சரிதான். இருந்தாலும் அந்த மனிதரின் நிலையை யோசியுங்கள். நிதி நிறுவனங்களில் அன்பளிப்புக்குக் கட்டுப்பாடு இருப்பது வழக்கம். அவர் பெட்டியைத் திருப்பி அனுப்பினால் உறவுக்காரர் முன்னால் எல்லோருக்கும் வெட்கம். வாங்கிவிட்டால், உங்களைத் தெரியும் என்று சொல்லி அந்தத் தெரிவில் இருந்து அவரே ஒதுங்க வேண்டிவரலாம். உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒரு ஆளை நீங்களே மேசையிலிருந்து எழுப்பி விடுகிறீர்கள்.

அந்தத் தூரத்து உறவுக்காரர் "நான் கதைக்கிறேன், ஆனால் கொஞ்சம் செலவாகும்" என்று எப்போதாவது சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். வேலை எடுத்துத் தருவதாகக் காசு வாங்கி ஏமாற்றியவர்களின் கதை எங்கள் ஊர்களுக்குப் புதிதில்லை.

அரச வேலைக்கு?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. அரச பதவிகளுக்கு வர்த்தமானியிலேயே நேர்முகப் பரீட்சை எந்த வகை என்று போட்டிருக்கும். பொது நேர்முகப் பரீட்சை என்றால் புள்ளியே கிடையாது, சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்காக மட்டும் கூப்பிடுகிறார்கள். கட்டமைக்கப்பட்டது என்றால் எதற்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே அங்கீகரித்த திட்டம் இருக்கும். இரண்டிலும் நன்றிக்கு நிரல் இல்லை. உங்கள் கடிதம் குற்றமாகாது, ஆனால் பிரயோசனமும் இல்லை, அதை எந்தக் கோப்பில் போடுவது என்று ஒரு எழுதுவினைஞர் தலையைச் சொறிவார். அரசியல்வாதி ஒருவரைப் பிடித்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பிப்பது வேறு கதை. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களில் செல்வாக்குச் செலுத்த முயல்வதை அரசியலமைப்பே தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அங்கே உங்களுக்கு வேறொரு கடிதம் இருக்கிறது, தேவைப்பட்டால் மட்டும். புள்ளி வழங்கும் நேர்முகப் பரீட்சையாக இருந்து, பெறுபேறு வந்த பிறகு உங்களுக்கு என்ன புள்ளி கிடைத்தது என்று அறிய விரும்பினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் நன்றி எழுத வேண்டிய அவசியமில்லை. கேள்வியைத் தெளிவாக எழுதினால் சரி.

தம்பியிடம் நான் எழுதிய வரைவைக் காட்டி, இதிலே வால் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மச்சாளுக்கு, லேற்றாகத்தான், ஆனால் அனுப்பிவிட்டேன் என்று ஒரு செய்தி போடுங்கள். மாம்பழத்தை வீட்டில் பழுக்க விடுங்கள். வேலை கிடைத்து முதல் சம்பளம் எடுக்கிற நாளில், கிளையில் எல்லோருக்கும், காவலாளி அண்ணைக்கும் சேர்த்து, பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் அம்மாவின் பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கள். அதற்குள் கறுத்தக்கொழும்பான் காலம் முடிந்திருந்தால் பனங்கட்டி இருக்கிறதுதானே.